பல்லாரி மூட்டையும் கெசட் நேரமும்

"அண்ணாச்சி, இலங்கைக்காரங்ககூட நமக்கு இப்ப எப்படி இருக்கு? சரக்கு அனுப்பலாமா?"

தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் ஏஜென்டாகத் தொழில் செய்யும் என்னிடம் ஊர்ப்பக்கத்து வியாபாரிகள் அடிக்கடி கேட்பது இதைத்தான். பாவூர்சத்திரம் சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவரும் கேட்பார், டவுனில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவரும் கேட்பார். இலங்கை என்ற இடத்தில் மாலத்தீவு, சீனா, துபாய் என்று பெயர்தான் மாறும். ராத்திரி டிவியில் விவாதம் பார்த்துவிட்டுக் காலையில் போன் போடுவார்கள்.

என் பதில் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். இரண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்குகிறார்களா முறைத்துக்கொள்கிறார்களா என்பதை வைத்து மூட்டை கட்டாதீர்கள். அந்த நட்போ பகையோ ஒரு அறிவிக்கையாக கெசட்டில், அதாவது அரசிதழில், வரும்போதுதான் உங்கள் சரக்கைத் தொடும். அதில் தேதி இருக்கும், விதிவிலக்கு இருக்கும். இப்போதெல்லாம் மணி, நிமிடம், நொடிகூட இருக்கும். நாம் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மாலத்தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் அந்த நாட்டுத் துணை அமைச்சர்கள் சிலர் நம் பிரதமரைப் பற்றி எழுதப் போய், இங்கே 'மாலத்தீவுக்குப் போகாதே' என்று ஒரே கூச்சல். இந்திய ராணுவத்தினர் மே 10-க்குள் வெளியேற வேண்டும் என்று அங்கே கெடு வைத்திருந்தார்கள். இனி மாலேக்குத் தோணி போகாது என்று தூத்துக்குடியிலேயே பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்த ஏப்ரல் மாதம் வந்த அறிவிக்கையைப் படித்தவர்களுக்கு வேறு கதை தெரிந்தது. 1981-இல் போட்ட ஒப்பந்தத்தின் கீழ் மாலத்தீவுக்கென்று இந்தியா ஒதுக்கும் அத்தியாவசியப் பொருட்களின் அளவு, 2024-25-க்கு அதுவரை இல்லாத உயரத்துக்குப் போயிருந்தது. முட்டை 42 கோடியே 75 லட்சம், அரிசி 1,24,218 டன், வெங்காயம் 35,749 டன், ஆற்று மணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன். இந்தச் சரக்கு போக அனுமதித்த சுங்க நிலையங்களில் தூத்துக்குடியும் ஒன்று. இன்னொன்றையும் கவனியுங்கள்: மற்ற நாடுகளுக்குப் பொதுவாக வெங்காய ஏற்றுமதியே தடையில் இருந்த மாதம் அது.

சீனாவும் அப்படித்தான். 2020 ஜூனில் கல்வானில் நம் வீரர்கள் இறந்தார்கள். சீனச் சாமான் வேண்டாம் என்று ஊர் ஊராகப் பேசினோம். 2023-24-இல் சீனாவிலிருந்து வந்த இறக்குமதி 100 பில்லியன் டாலரைத் தாண்டியது. கோவில்பட்டி தீப்பெட்டிக்காரர்களைப் படுத்தி எடுத்த மலிவு லைட்டருக்குத் தடை வந்தது 2023 ஜூன் 29-ஆம் தேதிதான். அதையும் எல்லைச் சண்டை கொண்டுவரவில்லை. தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் டெல்லிக்கு நடையாய் நடந்ததால் வந்தது. அந்தத் தடையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கூலி எல்லாம் சேர்த்து ஒரு லைட்டர் 20 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால்தான் தடை. கடையில் விற்கும் விலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, பல்லாரிக்கு வருவோம். நம் பக்கத்தில் பெரிய வெங்காயத்தைப் பல்லாரி என்போம். கொழும்புக்குக் கப்பல் ஒரு ராத்திரிப் பயணம்தான் என்பதால் சின்ன முதலீட்டுக்காரர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். கை சுட்டுக்கொள்வதும் இதில்தான்.

2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை. வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீதத் தீர்வை என்று மத்திய அரசு அறிவித்தது. முந்தின நாள்வரை தீர்வை பூஜ்யம். எங்களிடம் வந்த ஒரு வியாபாரிக்கு அந்த வாரம் இரண்டு கண்டெய்னர். இரண்டும் ஒரே லாட், ஒரே சிவப்பு வலைச்சாக்கு, ஒரே கப்பலுக்குப் போட்டது. முதல் கண்டெய்னருக்குப் பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ் கையோடு இருந்தது. வெள்ளிக்கிழமை மாலையே சுங்க அதிகாரி பார்த்து 'லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர்' என்ற ஏற்றுமதி அனுமதியைக் கொடுத்துவிட்டார். நாங்கள் எல்.இ.ஓ. என்போம். இரண்டாவதற்குச் சான்றிதழ் வரவில்லை. "திங்கக்கெழம பாத்துக்கிடலாம்" என்று விட்டுவிட்டார். அந்தத் திங்கள்கிழமை அவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஷிப்பிங் பில்லு வெள்ளிக்கெழமையே போட்டாச்சுல்லா? பொறவு எப்படிவே தீர்வை கேப்பான்?"

கேட்பான். சுங்கச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஏற்றுமதித் தீர்வையை முடிவு செய்வது ஷிப்பிங் பில், அதாவது ஏற்றுமதி மனு, போட்ட நாள் இல்லை, எல்.இ.ஓ. கிடைத்த நாள். முதல் கண்டெய்னர் ஒரு பைசா கட்டாமல் போனது. இரண்டாவதற்குச் சரக்கு மதிப்பில் நூற்றுக்கு நாற்பது. கொழும்பில் வாங்குபவர் பழைய விலைக்கு மேல் ஒரு ரூபாய் தர மாட்டேன் என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கண்டெய்னரைத் திருப்பி எடுத்து, மூட்டையைப் பிரித்து, முளை விட்டதைத் தள்ளிவிட்டு, உள்ளூர்ச் சந்தையில் கிடைத்த விலைக்குக் கொடுத்தார்.

வெங்காயம், அரிசி, சர்க்கரை மாதிரி அரசு கண் வைத்திருக்கும் பொருள் எதுவானாலும், சான்றிதழ் கைக்கு வந்த பிறகு சரக்கை ஏற்றுங்கள். வாரக் கடைசியில் பாதி வேலையோடு நிறுத்தாதீர்கள்.

மணி, நிமிடம் என்று சொன்னேனே, அது பேச்சுக்குச் சொன்னதில்லை. புல்வாமா தாக்குதலுக்கு இரண்டு நாள் கழித்து, 2019 பிப்ரவரி 16 அன்று, பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீத இறக்குமதித் தீர்வை போட்டார்கள். மின் கெசட்டில் அது ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 நொடி. அன்று பகலிலேயே அட்டாரி எல்லையில் சரக்கு வந்து, 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற இறக்குமதி மனுவும் போட்டவர்கள் இருந்தார்கள். அவர்களிடமும் 200 சதவீதம் கேட்டது சுங்கத்துறை. அன்றைய தேதி முழுவதற்கும் அறிவிக்கை பொருந்தும் என்பது அவர்கள் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. கெசட்டில் ஏறிய அந்த நொடியிலிருந்துதான் அது பொருந்தும், அதற்கு முன்பே பில் போட்டவர்களுக்குப் பழைய தீர்வைதான் என்று 2020 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் எந்த ரசீதிலும் நேரம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஃபைலில் வைப்பதில்லை.

தடை வரும்போதும் இந்த நேரக் கணக்குதான் காப்பாற்றும். 2023 டிசம்பர் 7-ஆம் தேதி அறிவிக்கை வந்து, மறுநாளிலிருந்து வெங்காய ஏற்றுமதியே நின்றது. அதில் மூன்று வகைக்காரர்களுக்கு வழி விட்டிருந்தார்கள். அறிவிக்கைக்கு முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கியவர்கள். ஷிப்பிங் பில் போட்டு, கப்பலும் துறைமுகத்துக்கு வந்து வருகைப் பதிவான ரொட்டேஷன் எண் வாங்கியிருந்தவர்கள். சரக்கைச் சுங்கத்திடம் ஒப்படைத்து அது கணினியில் பதிவானவர்கள். மூன்றாவது வழிதான் நம்மைப் போன்றவர்களுக்குக் கைகொடுப்பது. கண்டெய்னர் யார்டின் கேட்டில் லாரி நுழையும்போது ஒரு சீட்டு அடித்துத் தருவார்கள். டிரைவர் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்து, வியர்வையில் எழுத்து அழிந்து, கடைசியில் டீக்கடையில் விட்டுவிட்டு வருவார். தடை வந்த அன்று அந்தச் சீட்டு பல லட்சம் பெறும். லாரி கேட்டைத் தாண்டியதும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வங்கி எல்.சி., அதாவது வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உத்தரவாதம் தரும் கடிதம், வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பிடிமானம் உண்டு. வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் 1.05-ஆம் பத்திப்படி, தடைக்கு முன்பே திறந்த, திரும்பப் பெற முடியாத எல்.சி. இருந்தால், தடை வந்த 15 நாளுக்குள் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யில் பதிந்து அந்த அளவுக்கு மட்டும் சரக்கை அனுப்பலாம். நமக்கு மதுரை அலுவலகம். ஆனால் இதை நம்பி ரொம்ப நிம்மதியாக இருக்க வேண்டாம். 2023 ஜூலை 20-இல் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை வந்தபோது, இந்தச் சலுகை பொருந்தாது என்று ஒரே வரியில் அடைத்துவிட்டார்கள். அறிவிக்கையை வாட்ஸ்அப் சுருக்கத்தில் படிப்பவர்கள் தவறவிடுவது இப்படிப்பட்ட கடைசி வரிகளைத்தான்.

வெங்காயத் தடை இருந்த மாதங்களில் அண்டை நாடுகளுக்குச் சரக்கு போகவே இல்லையா என்றால், போனது. வங்கதேசம், இலங்கை, பூட்டான், அமீரகம், பஹ்ரைன், மொரீஷியஸ் என்று ஆறு நாடுகளுக்கு 99,150 டன் அனுமதித்ததாக 2024 ஏப்ரலில் அரசு சொன்னது. அந்த நாட்டு அரசுகள் கேட்டன, நம் அரசு கொடுத்தது, அனுப்பியது தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம். இடையில் பாவூர்சத்திரம் அண்ணாச்சிக்கு வேலை இல்லை. நட்பு என்று பேப்பரில் வருவதில் பெரும்பகுதி இப்படி அரசுக்கும் அரசுக்கும் நடப்பதுதான். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. தடை போடுபவர்கள் சின்ன ஏற்றுமதியாளர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம். ஆனால் என் வருத்தத்தை வைத்து நீங்கள் கணக்குப் போடக் கூடாது.

அப்புறம் இறக்குமதி. இங்கே ஆபத்து வேறு மாதிரி. சரக்கு எங்கிருந்து கப்பல் ஏறியது என்பது ஒன்று, எங்கே விளைந்தது என்பது வேறொன்று.

நாட்டு மருந்துக் கடை இந்துப்பு இதற்கு நல்ல உதாரணம். உப்பளத்துக்குப் பேர்போன மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு உப்பு வாங்குகிறோம், அது இருக்கட்டும். இளஞ்சிவப்பில் பெயர் பெற்ற இந்துப்பு பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டுவது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 மே 2-ஆம் தேதி, பாகிஸ்தானில் உற்பத்தியான எந்தப் பொருளும் நேரடியாகவோ சுற்றியோ இந்தியாவுக்குள் வரக் கூடாது என்று தடை வந்தது. 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. "துபாய் பில்லு இருக்கே அண்ணாச்சி" என்று ஒருவர் நீட்டினார். பில் துபாய் என்பதால் உப்பு துபாயில் விளைந்ததாகிவிடாது. பாறை எந்தச் சுரங்கத்தில் வெட்டியது என்பதற்குத் தாள் கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் அந்த வியாபாரமே வேண்டாம்.

இலங்கை மிளகிலும் இதே சிக்கல் உண்டு. 1998-இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தால், ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு தீர்வையில்லாமல் வரலாம். உலகத்திலேயே அதிகமாக மிளகு விளைவிக்கும் வியட்நாமின் சரக்கு கொழும்பில் இறங்கி, சாக்கு மாறி, இலங்கை மிளகாக இங்கே வருகிறது என்பது கேரள விவசாயிகளின் நெடுநாள் புகார். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்ததும் அதனால்தான். முன்பெல்லாம் சரக்கு தங்கள் நாட்டில் விளைந்தது என்று அந்த நாட்டு அதிகாரி கையெழுத்துப் போட்ட மூலச் சான்றிதழைக் காட்டினால் வேலை முடிந்தது. 2020 செப்டம்பர் 21 முதல் 'கரோடர்' என்ற சுங்க விதிகள் வந்த பிறகு அப்படி இல்லை. சரக்கு உண்மையிலேயே அந்த நாட்டில் விளைந்ததா, அங்கே எவ்வளவு மதிப்புக் கூடியது என்ற விவரத்தை இறக்குமதி செய்பவரே முன்கூட்டி வாங்கி வைத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலைநாளுக்குள் கொடுக்க வேண்டும். "சான்றிதழ் குடுத்தது அவங்க கவர்மென்ட்டு, என்னைய ஏன் கேக்கிய?" என்று இனிமேல் சொல்ல முடியாது.

பணம் வருவதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. கொழும்பில் வாங்குபவரிடம் ரூபாய் இருக்கும், அவருடைய வங்கியில் டாலர் இருக்காது. அந்த ஆண்டு இந்தியா இலங்கைக்குச் சுமார் 4 பில்லியன் டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. உறவு அதைவிட நன்றாக இருக்க முடியாது. ஆனாலும் சரக்கைக் கடனுக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அரசு கொடுத்த கடன், தனிப்பட்ட வியாபாரியின் பாக்கியை அடைக்காது.

ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தருவதற்கென்றே இ.சி.ஜி.சி. என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டையும் அபாயத்துக்கு ஏற்ப அவர்கள் வகைப்படுத்தி வைத்திருப்பார்கள். இலங்கை நிலவரம் எப்படி என்று என்னைக் கேட்பதைவிட அந்தப் பட்டியலைப் பார்ப்பது மேல். பிரீமியம் கட்ட மனசு வராதவர்கள், கொழும்புக்காரரிடம் பாதிப் பணத்தையாவது முன்பணமாகக் கேளுங்கள். "இத்தன வருசப் பழக்கம், கேட்டா கோவிச்சுக்கிடுவாரு" என்பார்கள். கோவித்துக்கொள்ளட்டும்.