பதிவேட்டில் பென்சிலால் எழுதுங்கள்

அந்தப் பிள்ளை கழுத்தில் தங்கச் சங்கிலியோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தது. ஆறாம் வகுப்பு. இடது கன்னம் காதுக்குக் கீழே பொதபொதவென்று வீங்கியிருந்தது. பொன்னுக்கு வீங்கி வந்தால் பொன் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் இருந்த ஒரே சங்கிலியை அம்மா கழற்றிப் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறாள்.

“வீட்டுல படுத்திருக்க வேண்டியதுதானே தாயீ?” என்று கேட்டேன்.

“லீவு போட்டா பிரைஸ் கிடைக்காது டாக்டரம்மா. ஜூன்ல இருந்து ஒரு நாள் கூட லீவு போடல.”

ஆண்டு விழாவில் நூறு சதவீத வருகைக்கு ஒரு டிபன் பாக்ஸ் தருவார்களாம். டிபன் பாக்ஸ் நல்ல பரிசுதான். ஆனால் இரண்டரை வாரம் கழித்து அதே வகுப்பில் வரிசையாகக் கன்னங்கள் வீங்கின. பொன்னுக்கு வீங்கிக் கிருமி உடம்புக்குள் போய் வீக்கமாக வெளிவரப் பெரும்பாலும் 16 முதல் 18 நாள் ஆகும். சிலருக்கு 12, சிலருக்கு 25. வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே எச்சில் வழியாகப் பரவத் தொடங்கிவிடும். வீங்கிய பிறகு 5 நாள் வீட்டில் இருந்தால் போதும். அந்த 5 நாளைத்தான் டிபன் பாக்ஸ் தின்றுவிட்டது. அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இருப்பது தட்டம்மை–ரூபெல்லா ஊசி. பொன்னுக்கு வீங்கிக்கான பங்கு அதில் கிடையாது. ஆகவே அரசு ஊசி மட்டும் போட்ட பிள்ளைகளுக்கு இது வரத்தான் செய்யும்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பதும் வேலையில் ஒரு பகுதி. போனதும் நான் முதலில் கேட்பது வருகைப் பதிவேட்டைத்தான். எடை போடுகிற மெஷினெல்லாம் அப்புறம். ஒரு ஊரில் என்ன நோய் நடக்கிறது என்பது ஆஸ்பத்திரிக்குத் தெரியும் முன்பே பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததை யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஓர் ஆடி மாதம். நடுநிலைப் பள்ளி ஒன்றில் வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தபோது ஒரு பையனின் கண் லேசாக மஞ்சளாக இருந்தது. மூத்திரம் எப்படிப் போகிறது என்று கேட்டால், “கடுங்காப்பி மாதிரி” என்றான். வகுப்பாசிரியரிடம் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். மூன்று வாரத்தில் எட்டாம் வகுப்பில் மூன்று பேர், ஏழாம் வகுப்பில் இரண்டு பேர் பல நாள் வரவில்லை. “சுடலைமாடன் கோயில் கொடை டாக்டர், ஆடி மாசம் பிள்ளைக வராதுக” என்றார். கொடை மூன்று நாள்தானே, பத்து நாள் எப்படி என்று கேட்டபோதுதான் அவருக்கும் உறைத்தது. வீடு வீடாகப் போனோம். ஐந்து பேருக்கும் மஞ்சள் காமாலை. என் வெளிநோயாளிப் பதிவேட்டில் அந்த மாதம் ஒரு மஞ்சள் காமாலைகூட இல்லை. காமாலைக்கு ஊசி மருந்து கூடாது என்று எல்லோரும் நாட்டு மருந்துக்குப் போய்விட்டார்கள்.

நாட்டு மருந்தோடு நான் சண்டைக்கு நிற்பதில்லை. பிள்ளைகளுக்கு வரும் ‘ஏ’ வகைக் காமாலை பெரும்பாலும் ஓய்வும் சாப்பாடும் இருந்தாலே சரியாகிவிடும். அதற்கென்று தனி மருந்து எங்களிடமும் கிடையாது. ஆனால் கண்ணில் சாறு விடுவதும், கையில் சூடு போடுவதும், உப்பில்லாப் பத்தியம் என்று பிள்ளையைப் பட்டினி போடுவதும் வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்வேன். பிள்ளை மந்தமாகத் தூங்கி வழிந்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தாலோ அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காரணம் என்ன என்று தேடியபோது, தொட்டியிலிருந்து குடிதண்ணீர்க் குழாய்க்கு வரும் பைப் கழிவறையின் செப்டிக் டேங்கை ஒட்டிப் போயிருந்தது தெரிந்தது. இணைப்பு ஒன்றில் விரிசல். தண்ணீர் ஓடும்போது ஒன்றும் ஆகாது. நின்றதும் பைப்புக்குள் வெற்றிடம் உண்டாகி, சுற்றியிருக்கும் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் ஊர்களில் விட்டு விட்டுத்தானே தண்ணீர் வருகிறது. பைப்பை மாற்றினார்கள், தொட்டியைக் கழுவினார்கள், பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். அந்தப் பவுடரும் வாய் திறந்த சாக்கில் மாதக்கணக்காகக் கிடந்தது. அதில் குளோரினே மிச்சமில்லை. எத்தனை ஸ்பூன் போட்டோம் என்பது கணக்கில்லை. போட்டு அரை மணி நேரமாவது கழித்து, கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீரில் குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்தை விட்டு, மஞ்சள் நிறம் எந்த அளவுக்கு வருகிறது என்று பார்ப்பதுதான் கணக்கு. நோய் நடமாடும் நாளில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் அந்தக் கடைசிக் குழாயில் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று பேர் விழுந்தார்கள். தலைமையாசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்க சொன்னது அத்தனையும் செஞ்சாச்சு, இன்னும் வருதே?” என்றார். வரும். இந்தக் கிருமி உள்ளே போய்க் கண்ணை மஞ்சளாக்க 15 முதல் 50 நாள் எடுத்துக்கொள்ளும். இன்று மஞ்சளான பிள்ளை அந்தத் தண்ணீரைக் குடித்தது ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்னால். அதுவும் போக, மஞ்சள் தெரிவதற்கு இரண்டு வாரம் முன்பே மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். ஆகவே கழிவறையில் சோப்பு வேண்டும். சானிட்டைசர் பாட்டில் இந்தக் கிருமிக்குப் பெரிதாகப் பயன்படாது; சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். நாம் பார்த்துப் பார்த்துச் சோப்பை அலமாரியில் பூட்டி வைத்திருப்போம், ‘பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்’ என்று. ஒரு சோப்பின் விலை என்ன?

அம்மை விஷயத்தில் ஊர் தலைகீழ். சின்னம்மை போட்டுவிட்டால் வாசலில் வேப்பங்குலை தொங்கும். வெளியாள் உள்ளே வரக்கூடாது, பிள்ளை வெளியே போகக்கூடாது. மூன்றாம் தண்ணி ஊற்றுகிற வரைக்கும் பள்ளிக்கூடப் பேச்சே கிடையாது. “அம்மா விளையாடிட்டுப் போகட்டும் டாக்டரம்மா, நீங்க ஊசி எதுவும் போட்றாதிய” என்பாள் ஆச்சி. மூன்றாம் தண்ணிக்குள் கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். மருத்துவப் புத்தகமும் எல்லாக் கொப்புளமும் காய்கிற வரை அனுப்பாதே என்றுதான் சொல்கிறது. இவ்வளவு கச்சிதமாகத் தனிமைப்படுத்துகிற சுற்றறிக்கையை நான் இதுவரை படித்ததில்லை. (குளிக்க வைத்தால் தப்பில்லை என்பதை மட்டும் ஆச்சியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன். கேட்டதில்லை.)

சிக்கல் எங்கே என்றால், யாரும் பள்ளிக்குச் சொல்லி அனுப்புவதில்லை. அம்மன் வந்திருப்பதை வெளியே பேசக்கூடாது. கொப்புளம் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே பக்கத்துப் பெஞ்சுக்குப் பரவியிருக்கும். அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் டீச்சர் கர்ப்பமாக இருந்து, சிறு வயதில் அம்மை போடாதவராகவும் இருந்தால், அவருக்கும் குழந்தைக்கும் ஆபத்து உண்டு. தெரிந்த அன்றே மருத்துவரிடம் சொன்னால், அம்மைப் பிள்ளையோடு பழகிய நாளிலிருந்து 10 நாளுக்குள் போடக்கூடிய பாதுகாப்பு ஊசி இருக்கிறது. தெரிந்தால்தானே சொல்வார்? பெரியவர்களுக்குச் சின்னம்மை கடுமையாகத் தாக்கும், மூச்சு வாங்கவும் செய்யும். அவர்களுக்கு முதல் நாளே மாத்திரை தொடங்கினால் நல்ல பலன். அம்மைக் காய்ச்சலுக்குப் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் மட்டும் எக்காரணம் கொண்டும் தரக்கூடாது.

மணல்வாரி வேறு கதை. சளி, இருமல், சிவந்த கண், அப்புறம் முகத்தில் தொடங்கி உடம்பெல்லாம் மணலாகப் பொரிவது தட்டம்மை. ஒரு பிள்ளைக்கு வந்தாலும் எங்களுக்குச் சொல்லுங்கள், காத்திருக்க வேண்டாம். பொரிவதற்கு 4 நாள் முன்பும் 4 நாள் பின்பும் பரவும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோது, வாட்ஸ்அப் வதந்தியைப் பார்த்துப் பிள்ளைகளை அன்று வீட்டிலேயே வைத்துக்கொண்ட பெற்றோரை நான் மறக்கவில்லை. காய்ச்சலோடு வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஊசி நாளில் மட்டும் ஆப்சென்ட்!

டெங்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நேராக ஒட்டாது, கொசு வேண்டும். இருந்தாலும் பள்ளிப் பேச்சில் அதை விட முடியாது. 2012ல் திருநெல்வேலி மாவட்டம் பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். கடையநல்லூர் அப்போது நம் மாவட்டம்தான். இந்தக் கொசு பகலில் கடிக்கும். அதாவது, பள்ளி நேரத்தில். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். காலாண்டு விடுமுறை முடிந்து திறக்கும்போது கழிவறை வாளியிலும், உடைந்த பெஞ்சுக்கு அடியில் கிடக்கும் டப்பாவிலும் என்ன நெளிகிறது என்று பாருங்கள். இப்போது பல பள்ளிகளில் பழைய டயருக்குப் பச்சை, மஞ்சள் பெயின்ட் அடித்துத் தோட்டத்துக்கு அழகு செய்கிறார்கள். எங்கள் கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்கு அதைப் பார்த்தாலே தலை சுற்றும். டயரில் ஓட்டை போடுங்கள், அல்லது மண்ணை நிரப்புங்கள்.

அதைவிட முக்கியமாக ஒன்று. டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, விடும்போது. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். நம் வீடுகளில் “காய்ச்சல் விட்டிருச்சு” என்று யூனிஃபார்ம் மாட்டி அனுப்புவது அதே நாளில். ஐந்து நாள் லீவுக்குப் பிறகு வந்த பிள்ளை வயிறு வலிக்கிறது என்று டெஸ்க்கில் படுத்தால், “சும்மா நடிக்காதல” என்று சொல்வதற்கு முன் கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சில்லிட்டிருந்தால் 108தான், வீட்டுக்கு அனுப்பி நேரத்தைக் கடத்த வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். கடையில் வாங்கும் மற்ற வலி மாத்திரைகளும், ‘ஒரு ஊசி போட்டால் நின்றுவிடும்’ என்று போடும் வலி ஊசியும் டெங்குவில் ரத்தக் கசிவைக் கூட்டும்.

ஆசிரியர்களும் பணியாளர்களும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர் சாக்பீஸ் தூசி என்றே நம்பிக்கொண்டிருந்தார். எடையும் குறைந்திருந்தது. சளியைப் பரிசோதித்தால் காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை, இதற்கு வெட்கமே வேண்டாம். மருந்து தொடங்கிச் சில வாரத்தில், மருத்துவர் சரி என்றதும், வகுப்புக்குத் திரும்பலாம், அவரும் திரும்பினார். என்ன நோய் என்பது அவருக்கும் எங்களுக்கும் மட்டும்தான் தெரியும். வகுப்புப் பிள்ளைகளை மட்டும் சத்தமில்லாமல் பரிசோதித்துவிட்டோம்.

சத்துணவு சமைக்கும் அக்காவுக்கு வயிற்றுப்போக்கு என்றால், நின்று 48 மணி நேரம் ஆகும் வரை அடுப்படிப் பக்கம் வரக்கூடாது. ‘நான் வராட்டா யார் பொங்குவா?’ என்பது அவர் கவலை, நியாயமான கவலை. மாற்றாளை முன்கூட்டியே பேசி வைப்பது பள்ளியின் வேலை. வயிற்றுப்போக்கோடு வந்துவிட்ட பிறகு அவரைத் திட்டிப் பயனில்லை.

விடுதிச் சிரங்குக்கு இரண்டு வரி. ‘யாருக்கெல்லாம் அரிப்பு இருக்கிறது?’ என்பது தப்பான கேள்வி. முதல் முறை சிரங்குப் பூச்சி ஏறினால் அரிப்புத் தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். வார்டன் உட்பட அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் கழுத்திலிருந்து கால் வரை பெர்மெத்ரின் என்ற சிரங்கு மருந்தைத் தடவ வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிக்கிறவர்களுக்கு மட்டும் தடவிய விடுதியில் மூன்று தடவை திரும்பி வந்தது. பேன் இருந்தால் மட்டும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், அது லீவு போடுகிற நோய் அல்ல.

நான் பள்ளிகளிடம் கேட்பது சின்ன வேலைதான். ஆப்சென்ட் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் காரணத்தைப் பென்சிலால் ஒரு வார்த்தை எழுதுங்கள். காய்ச்சல், வயிறு, கன்னம், கண், கொடை, எதுவானாலும். ஒரே வார்த்தை ஒரு வகுப்பில் மூன்று முறை வந்தால் எங்களுக்குப் போன் அடியுங்கள். இப்போது எல்லாம் செயலியில்தான் பதிவு. அதில் இதற்கு இடமில்லை என்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அப்புறம், அந்த நூறு சதவீதப் பரிசு. டிபன் பாக்ஸ் கதை நடந்த பள்ளியில் தலைமையாசிரியையிடம் பேசினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, காய்ச்சலுக்குச் சொல்லிவிட்டு எடுக்கும் லீவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று மாற்றிவிட்டார். அந்தப் பிள்ளைக்கும் டிபன் பாக்ஸ் கிடைத்தது.

போன மாதம் அதே தலைமையாசிரியை போன் செய்தார். ஏழாம் வகுப்பு நோட்டில் ‘வயிறு, வயிறு, கொடை, வயிறு’ என்று இருக்கிறதாம். போய்ப் பார்த்தோம். தொட்டி மூடி உடைந்து, உள்ளே புறா செத்துக் கிடந்தது. கொடை என்று எழுதியிருந்த பையனை நான் சந்தேகத்தோடு விசாரித்தேன். அவன் உண்மையிலேயே கொடைக்குத்தான் போயிருந்தான்.