அடெப்ட்: கைவந்தவரா, கைவர முயல்பவரா?

மூன்று மாதமாக ஒரு மாயப் பயிற்சி நூலின் முதல் படியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஃபிரான்ஸ் பார்டன் ஜெர்மன் மொழியில் எழுதி 1956இல் வெளிவந்த நூல். மொத்தம் பத்துப் படிகள். ஒவ்வொன்றிலும் மனத்துக்கும் ஆன்மாவுக்கும் உடலுக்கும் தனித்தனிப் பயிற்சி. முதல் வேலை எளிதாகத்தான் தோன்றும்: ஐந்து நிமிடம் அசையாமல் இருந்து, வந்துபோகும் எண்ணங்களை வேடிக்கை பார்க்க வேண்டும். அவற்றின் பின்னால் ஓடக் கூடாது. நானோ இரண்டாம் நிமிடத்திலேயே பால்காரருக்குத் தர வேண்டிய பாக்கியைக் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறேன்.

பயிற்சியில் நகராதவன் சொல்லாராய்ச்சியில் இறங்குவான். நூலின் ஜெர்மன் தலைப்பைத் தமிழாக்கினால் 'உண்மையான அடெப்ட் ஆகும் வழி' என்று வரும். அடெப்ட் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

வல்லுநர், நிபுணர், தேர்ந்தவர் என்று பொருள் சொல்வதுதான் வழக்கம். வரி ஆலோசகருக்கும் வீணைக் கலைஞருக்கும் அவை பொருந்தும். இங்கே பொருந்தவில்லை. இச்சொல்லின் மூலம் 'அடெப்டஸ்' என்ற லத்தீன் வடிவம். எட்டிப் பிடித்தல், அடைதல் என்ற பொருளுடைய 'அடிபிஸ்கி' என்னும் வினையிலிருந்து வந்தது. ஆகவே அடெப்ட் என்றால் அடைந்தவர். எதை அடைந்தவர்? ஐரோப்பிய ரசவாதிகளைக் கேட்டால் சொல்வார்கள்: மட்டமான உலோகத்தைப் பொன்னாக்கும் ரகசியத்தை. அது தமக்குக் கைகூடிவிட்டதாகச் சொல்லிக்கொண்டவர்களுக்குத்தான் அந்தப் பட்டம் உரியதாக இருந்தது. பொன்னாசை அடங்கிய பிறகே ஆங்கிலத்தில் அது வெறும் திறமைசாலி ஆயிற்று.

அந்த லத்தீன் வினையின் வேரைத் தோண்டினால் நம் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேருகிறோம். அடைதல் என்ற பொருளுடைய சம்ஸ்கிருத 'ஆப்' அதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தது. அதிலிருந்து வந்தவைதாம் ஆப்தர், பிராப்தம் ஆகிய சொற்கள். 'கிடைக்கவில்லையா, பிராப்தம் அவ்வளவுதான்' என்று பெருமூச்சு விடும் பாட்டியும், வட்டம் வரைந்து அதன் நடுவே நிற்கும் ஐரோப்பிய மந்திரவாதியும் ஒரே வேரைத்தான் உச்சரிக்கிறார்கள். பாட்டியின் சொல்லில் அது விதியால் வந்து சேர்வது. மந்திரவாதியின் சொல்லில் முயன்று பிடிப்பது.

பொருளால் மிக நெருங்கி வரும் சொல் சித்தர். கைகூடுதல், நிறைவேறுதல் என்னும் பொருளுடைய 'சித்' என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. நேர்ப்பொருள் கைகூடப் பெற்றவர். சித்தத்தை அடக்கியவர் சித்தர் என்று மேடைகளில் விளக்குவதைக் கேட்டிருப்பீர்கள். அழகான விளக்கம்தான், ஆனால் சொல்வரலாறு அதற்கு இடம் தரவில்லை. மனம் என்னும் சித்தமும் நிறைவேறியது என்னும் சித்தமும் வடமொழியில் வெவ்வேறு ஒலியுடைய வெவ்வேறு சொற்கள். நம் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. 'பயணத்துக்குச் சித்தமாக இருக்கிறேன்' என்பதில் இருப்பது இரண்டாவது. வடமொழியில் வெந்த சோற்றுக்கும் அந்தச் சொல் உண்டு. பக்குவம் என்ற சொல்லும் அடுப்பில் பிறந்ததுதான். எனக்கு இன்னும் உலையே கொதிக்கவில்லை.

ரசவாதத்தோடு உள்ள உறவுகூட இரண்டு சொற்களுக்கும் பொது. ஆனாலும் பார்டனின் மாணவரைச் சித்தர் என்று எழுதக் கை தயங்குகிறது. தமிழில் அச்சொல் பதினெண்மரையும், குருவழி வந்த மரபையும், மருந்தையும் பாட்டையும் சேர்த்துச் சுமக்கிறது. பார்டனோ, குரு கிடைக்காதவரும் தாமே பயிலலாம் என்றவர். அதே சமயம் நெருப்பு, நீர், காற்று, நிலம் ஆகியவற்றுக்கு மேல் ஐந்தாவதாக அவர் வைப்பதை 'ஆகாசம்' என்றே எழுதுகிறார். முதல் படியில் நம் குறைகளையெல்லாம் பட்டியலிட்டு, நான்கு பூதங்களுக்கும் பிரித்து வைக்கச் சொல்கிறார். என் பட்டியலில் நெருப்புப் பத்தி மட்டும் அடுத்த பக்கத்துக்கு நீண்டது.

என் தேர்வு 'கைவரப்பெற்றவர்'. கைவந்த கலை என்று அன்றாடம் சொல்கிறோமே, அந்தக் குடும்பம். கலை தானாகக் கைக்கு வருகிறது, மனிதர் அதைப் பெறுகிறார். இரண்டும் அந்த ஒரே சொல்லில் அடங்குகின்றன. லத்தீன் வினையும் இப்படிப்பட்டதே: வடிவத்தில் செயப்பாட்டு, பொருளில் செய்வினை. நிபுணர் என்பதில் இந்த நெளிவு இல்லை.

தொடங்குபவரை என்னவென்று சொல்வது? சாதகர் என்றால் ஜாதகம் பார்க்க வந்தவரோ என்று நினைப்பார்கள். 1888இல் லண்டனில் தொடங்கிய 'பொன் விடியல்' என்னும் மந்திரச் சபையில் புதியவருக்கு 'நியோஃபைட்' என்று பெயர். மேலே பல படிகள் ஏறினால்தான் அடெப்டஸ். நியோஃபைட் கிரேக்கச் சொல். புதிதாக நடப்பட்டது என்று பொருள். தமிழில் நாற்று என்றே சொல்லிவிடலாம்.

பார்டன் 1909இல் பிறந்தது இன்றைய செக் நாட்டின் ஓபாவா நகருக்கு அருகில். 1958இல் பிர்னோ நகரில் சிறைக்காவலில் இறந்தார். அந்த நாட்டின் செக் மொழியில் இன்று 'அடெப்ட்' என்றால் யார் தெரியுமா? அடைந்தவர் அல்லர், ஒரு துறைக்குள் நுழைய முயலும் விண்ணப்பதாரர், பயிலுநர். பிரெஞ்சிலும் அது வெறும் சீடர், பின்பற்றுபவர் என்று ஆகிவிட்டது. அடைந்தவரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்து, பட்டம் கூட்டத்துக்கே போய்விட்டது போலும்.

ஆக, செக் கணக்கில் நான் மூன்று மாதமாகவே அடெப்ட். பால் பாக்கி மட்டும் நிற்கிறது.