பைன் போன்சாயின் ஊசி இலை பழுக்கிறதா? முதலில் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வையுங்கள்

ஊசி இலையெல்லாம் வைக்கோல் நிறமாகி, தொட்டிக்குள் சாணி வாடையோடு இந்த வாரமும் ஒரு பைன் போன்சாய், அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் பைன் மரம், கோவையில் என்னிடம் சிகிச்சைக்கு வந்தது. கூடவே வரும் வரலாறும் மாறுவதில்லை. ஊட்டிக்குப் போனபோது வாங்கியது, கொஞ்ச மாதம் நன்றாக இருந்தது. "அப்புறம் நுனி காஞ்சாப்பல இருந்துச்சுங்க, தண்ணி பத்தலைன்னு ரெண்டு வேளையும் ஊத்துனமுங்க. அப்பவும் காஞ்சுதுங்க, மண்ணை மாத்தி எருப் போட்டமுங்க." தண்ணீர், மண் மாற்றம், எரு. நலிந்த பைனுக்கு இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கொடுத்தால் அது பிழைக்க வழியே இல்லை.

முதலில், கையில் இருப்பது பைன்தானா என்று பாருங்கள். பைனின் ஊசிகள் இரண்டு, மூன்று அல்லது ஐந்தாகச் சேர்ந்து, அடியில் சின்ன உறையோடு கற்றையாக இருக்கும். இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வந்தால் அது சவுக்கு. செதில் செதிலாகத் தண்டோடு ஒட்டியிருந்தால் ஜூனிப்பர். கிளைகள் அடுக்கடுக்காக வட்டமாக நின்றால் பெரும்பாலும் அராகேரியா, நம் ஊர் நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பது. சவுக்கு வெட்டினாலும் துளிர்க்கும். பைன் அப்படியில்லை. ஊசி முழுவதும் உதிர்ந்த பழைய கிளையிலிருந்து பைன் மறுபடி துளிர்ப்பது அரிதிலும் அரிது. அதனால்தான் இதில் அவசரப்படக் கூடாது என்கிறேன்.

இனி அந்தத் தண்ணீர் விஷயம். எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இதுதான். ஊசி காய்ந்தால் தாகம் என்று நினைக்கிறோம். வேர் அழுகினாலும் ஊசி அதேபோலத்தான் காயும். தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்று இருக்காது, காற்றில்லாமல் வேர்நுனி சாகும், நுனி செத்தால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் மரத்தால் உறிஞ்ச முடியாது. மேலே காய்கிறது, கீழே ஊறிக் கிடக்கிறது. நீங்கள் மேலே மட்டும் பார்த்து இன்னும் ஊற்றுகிறீர்கள். இதில் இன்னொரு சங்கடம், பைன் தன் நோவைத் தாமதமாகத்தான் காட்டும். ஊசியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் வேர் செத்த பிறகும் சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும். இன்று பழுப்பதற்கான காரணம் நேற்றைய வெயில் இல்லை, போன மாதம் நடந்தது.

தாகமா அழுகலா என்று தெரிய ஆளோ கருவியோ வேண்டாம். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தாகம் என்றால் லேசாக இருக்கும், மண் சுருங்கித் தொட்டியின் விளிம்பை விட்டு விலகியிருக்கும். அழுகல் என்றால் கனக்கும், அடித்துளையில் மூக்கை வைத்தால் சாக்கடை வாடை வரும். ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். அழுகல் என்றால், மேல்மண் பொடியாக உதிரும்போதே குச்சியின் கீழ்ப்பாதி கறுத்து ஈரமாக வரும். இந்த ஒரு குச்சியைப் பார்த்திருந்தால் பாதி மரங்கள் பிழைத்திருக்கும்.

போன்சாய் தொட்டி ஆழமில்லாதது என்பதால் இந்தத் தேக்கம் கூடுதல். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை முழுக்க நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள், சொட்டுவது ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதையே செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி கடகடவென்று சொட்டும். உயரம் கூடினால்தான் அடியில் தங்கிய நீர் வெளியேறும். நலிந்த பைனுக்கு முதல் சிகிச்சை இதுவே: தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்துச் சாய்த்து விடுங்கள். காசு செலவில்லை, வேரைத் தொடவும் இல்லை. துளைக்கு மேல் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்பது தவறான நம்பிக்கை. தேங்கும் ஈரம் கல்லுக்கு மேல் ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்காரும், அவ்வளவுதான்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைப்பதால் எல்லாத் தொட்டியிலும் கோகோபீட் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. காய்கறிக்குப் போடுங்கள், பைனுக்கு வேண்டாம். நாள்கணக்கில் ஈரத்தை விடாது, சரியாகக் கழுவாத கட்டியில் உப்பும் இருக்கும். நாமக்கல் கோழி எரு, சாணி, ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குத் தண்ணீர், எதுவும் நோய்ப்பட்ட வேருக்கு ஆகாது. காய்ச்சலில் கிடப்பவருக்கு யாரும் கறிச்சோறு போடுவதில்லை.

வேர்ப்பந்தில் வெள்ளையாக எதையாவது பார்த்தவுடன் பூசணம் என்று மருந்து கலக்கி ஊற்றுவது அடுத்த கொடுமை. பைன் வேரோடு ஒட்டி வாழும் நல்ல பூஞ்சை ஒன்று உண்டு, வேருக்கு நீரும் சத்தும் தேடிக் கொடுப்பதே அதுதான். பார்க்கச் சிலந்தி நூல் போலக் கிளை கிளையாக மண்ணோடு பின்னியிருக்கும், முகர்ந்தால் காளான் வாசனை. வேர் மாவுப்பூச்சியும் வெள்ளைதான், ஆனால் பஞ்சுத் துணுக்குகளாகத் தனித்தனியே இருக்கும், நகத்தால் அழுத்தினால் பிசுபிசுவென்று நசுங்கும். நசுங்குவதற்குத்தான் மருந்து. நூலாக இருப்பதை உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். வேரைக் குழாயடியில் வைத்து மொத்தமாகக் கழுவுவதும் இதே காரணத்தால்தான் கூடாது.

கிளைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க நுனியிலிருந்து தண்டை நோக்கி நகத்தால் லேசாகச் சுரண்டிக்கொண்டே வாருங்கள். தோலுக்கடியில் ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பும் வறட்டலுமாக இருந்தால் அந்த இடம் வரை போய்விட்டது. நுனி மொட்டுகளை விரலிடுக்கில் அழுத்துங்கள், கெட்டியாக இருக்க வேண்டும், பொடியாகக் கூடாது. கிளையின் உட்பக்கப் பழைய ஊசிகள் மட்டும் மஞ்சளித்து உதிர்ந்தால் அது வயதான இலை விழுவது, பதற வேண்டாம். ஊசியில் பொடிப்பொடியாக மஞ்சள் புள்ளி இருந்தால் வெள்ளைத்தாள் மேல் கிளையைத் தட்டுங்கள். ஊரும் புள்ளிகள் விழுந்தால் சிலந்திப்பூச்சி. தண்ணீரை விசையாகப் பீய்ச்சி மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவினாலே நன்றாகக் குறையும்.

சாய்த்து வைத்து, மேல்மண் 2 சென்டிமீட்டர் காய்ந்த பிறகே ஊற்றியும் இரண்டு மூன்று வாரத்தில் வாடை போகவில்லை என்றால் மட்டும் தொட்டியை விட்டு எடுங்கள். நல்ல வேர்நுனி வெளுத்து உறுதியாக இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் தோல் உறைபோலக் கழன்று உள்ளே நரம்பு மட்டும் மிஞ்சும். அதை மட்டும் வெட்டுங்கள். நல்ல வேரில் கை வைக்காமல், பழைய மண்ணோடு அப்படியே கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் ஓட்டைக் கூடைக்கு மாற்றிச் சுற்றிலும் புதுக் கலவை நிரப்புங்கள். கலவைக்கு நாட்டுச் செங்கல் நொறுக்கு 4 பங்கு, சலித்த எம்-சாண்டில் மேலே நிற்கும் குருணை 3 பங்கு, நன்கு மக்கிய பட்டையோ இலையோ 2 பங்கு, அடுப்புக்கரித் துண்டு 1 பங்கு. எல்லாம் 2 முதல் 6 மில்லிமீட்டர் அளவில், தூசி போகக் கழுவியது. சாம்பலில் செய்த செங்கல், ஹாலோ பிளாக் உடைசல் போடாதீர்கள், சிமெண்டும் சுண்ணாம்பும் காரத்தன்மையைக் கூட்டும். பைனுக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும், பி.எச். 5.5 முதல் 6.5 வரை.

முழு மண் மாற்றத்தைத் தை மாசி வரை தள்ளிப் போடுங்கள். அப்போதும் வேர்ப்பந்தின் ஒரு பாதியை மட்டும், மறு பாதி மரம் தேறிய பிறகு அடுத்த தையில். சித்திரை வெயிலில் யாராவது மண் மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். உப்புக் குறைந்த சிறுவாணிக் குடிநீர் வருகிற வீட்டுக்குக் கவலையில்லை. போர்வெல் தண்ணீர் ஊற்றும் தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு இருந்தால் உப்பு ஏறுகிறது என்று பொருள். மழைநீரைப் பிடித்து வைத்து, மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். வேர் அழுகித் தேறி வரும் தொட்டியென்றால் மண் காய்ந்திருக்கும் நாளில் செய்யுங்கள்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கோவை சுமார் 410. அந்தக் குளிரிலிருந்து இறங்கிய மரத்தை மொட்டை மாடித் தளத்தில் நேராக வைத்தால் வேர் வெந்துவிடும். செங்கல்லின் மேல் பலகை போட்டு வையுங்கள், காலை வெயில் 11 மணி வரை, அதன் பிறகு 50 சதவீத நிழல்வலை. டிவி மேஜையிலும் ஏ.சி. அறையிலும் பைன் வாழாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று இரண்டு வேலை செய்யும், ஊசியை உலர்த்தும், மரத்தை ஆட்டிப் புது வேர்நுனியை அறுக்கும். அடித்துளை வழியே கம்பி விட்டு வேர்ப்பந்தை அசையாமல் கட்டுங்கள், மேற்குப் பக்கம் ஒரு தடுப்பு வையுங்கள்.

தேறும் மரத்தில் மெழுகுவர்த்தி போல வெளிர்நிறத் துளிர் எழும்பும். உடனே கத்தரியைத் தேடாதீர்கள், கம்பி சுற்றாதீர்கள். அந்தத் துளிரின் ஊசிகள் விரிந்து கரும்பச்சையாகிக் கெட்டிப்பட்ட பிறகு பாதி அளவு உரம் போதும். முதல் வெட்டு அதற்கு அடுத்த வருடத் துளிரில்.