கோடவுன், கிட்டங்கி, பாண்டிகசாலை: ஒரு சொல் விளக்கம்

கோடவுன்: சரக்கை இறக்கி, அடுக்கி, விற்கும்வரை போட்டு வைக்கும் கட்டடம். தமிழ்நாட்டில் குடோன் என்போம். கொச்சியில் இருக்கும் தமிழர்களுக்கு இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இப்போது பழகிவிட்டது. வெள்ளையடித்த சுவரில் ஓவியம் மாட்டி, முற்றத்தில் நாற்காலி போட்டு, காப்பி விற்கிற இடத்துக்கும் அதே பெயர்தான். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப்போனால், "குடோனில் என்ன பார்க்க இருக்கு?" என்று கேட்கத்தான் செய்வார்கள்.

சொல்லைப் பார்த்தால் ஆங்கிலம் போலத் தெரியும். ‘கீழே போ’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் சேர்ந்தது, நிலவறையில் சரக்கு வைத்ததால் வந்த பெயர் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் கதையும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலேயர் இதை எடுத்துக்கொண்டது தென்கிழக்காசிய வணிகத்தில் புழங்கிய மலாய்ச் சொல்லான ‘குடாங்’ என்பதிலிருந்து. நடுவில் போர்ச்சுகீசியர் வாயிலும் புகுந்து வந்திருக்கிறது. மலாய்க்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயர் இந்தியாவில் பழகிய சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த அகராதி, தென்னிந்தியாவைக் கைகாட்டுகிறது: தெலுங்கில் கிட்டங்கி, தமிழில் கிடங்கு, ‘சரக்கு கிடக்கும் இடம்’. பின்னால் வந்த அகராதிகள் பலவும் இதையே, ‘இருக்கலாம்’ என்ற எச்சரிக்கையோடு, சொல்கின்றன.

கிட என்ற வினையிலிருந்து கிடங்கு. ஆனால் பழந்தமிழில் கிடங்கு என்றால் சரக்கறை இல்லை, கோட்டையைச் சுற்றிய அகழி. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனுடைய கோட்டை நகரம் கிடங்கில்; திண்டிவனத்தை ஒட்டி இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. மலையாளம் அந்தப் பழைய பொருளை விடவில்லை. அங்கே ‘கிடங்ங்’ என்றால் அகழி, பள்ளம். அதனால் ஒரு மலையாளியிடம் "மிளகைக் கிடங்கில் வைத்திருக்கிறோம்" என்று சொன்னால், குழியில் கொட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்.

சரக்கறைக்கு அவர்கள் சொல் பாண்டிகசாலை. கொச்சியின் மட்டாஞ்சேரி, ஆலப்புழை, கோழிக்கோடு என்று பழைய துறைமுக ஊர்களில் எல்லாம் இது உண்டு. நம் பண்டகசாலைதான், பண்டம் வைக்கும் சாலை. தமிழ்நாட்டில் அது கூட்டுறவுச் சங்கத்தின் பலகைக்குப் போய், ‘நுகர்வோர் கூட்டுறவு பண்டகசாலை’ என்று மளிகையும் மண்ணெண்ணெயும் விற்கும் கடையாகிவிட்டது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு பாண்டிகசாலைக்குள் நுழைந்து பார்த்தால் பெயரின் பொருள் தானாக விளங்கும். தெருவைப் பார்த்து கனத்த மரக்கதவு, நடுவில் முற்றம், பின்புறம் நேராகக் காயல். வள்ளம் வந்து பின்வாசலில் நிற்கும். மூட்டை அந்தப் பக்கம் ஏறி இறங்கும், பேரம் இந்தப் பக்கம் நடக்கும். முற்றத்தில் சுண்ணாம்பு பூசிய இஞ்சி வெள்ளை வெளேரென்று காய்ந்து சுக்காகும். இன்னும் வியாபாரம் நடக்கிற இடங்களில் வாசலைத் தாண்டும்போதே மிளகாய் நெடி தும்மலை வரவழைத்துவிடும்.

இந்தக் கட்டடங்கள் ஏன் காலியாயின? கொச்சியில் 1503இல் போர்ச்சுகீசியர் கோட்டை கட்டினார்கள், 1663இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர்கள். ஆள் மாறினாலும் மிளகு அதே கரையிலிருந்துதான் போயிற்று. கதை திரும்பியது ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரால். 1920களிலும் 30களிலும் கழிமுகத்து மணல்திட்டை வெட்டி, தோண்டிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை உருவாக்கி, பெரிய கப்பல்களை அங்கே கொண்டுவந்தார். 2011இல் வல்லார்பாடத்தில் கன்டெய்னர் முனையமும் வந்தது. கன்டெய்னர் லாரி பஜார் ரோட்டுக்குள் திரும்பவே முடியாது. மூட்டை நின்றது, கூரை நின்றபடியே இருந்தது.

அந்தக் கூரையின் கீழ்தான் 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி-முசிரிஸ் பினாலே என்ற, இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி தொடங்கியது. 1867இல் நிறுவப்பட்டு, கயிறும் மிளகும் எலுமிச்சைப் புல் தைலமும் ஏற்றுமதி செய்த ஆஸ்பின்வால் கம்பெனியின் வளாகம் முதன்மைக் கூடமானது. பெப்பர் ஹவுஸ் என்ற இன்னொரு பழைய குடோனில் தெருவைப் பார்த்து ஒரு கட்டடம், நீரைப் பார்த்து ஒன்று, நடுவில் பெரிய முற்றம். காப்பிக் கடைக்கு இதைவிட என்ன வேண்டும்? 2024 முதல் எர்ணாகுளத்திலிருந்து வாட்டர் மெட்ரோவும் ஃபோர்ட் கொச்சிக்கு வருவதால் மாலையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. என் கருத்தைக் கேட்டால், பூட்டிக் கிடந்து ஓடு சரிவதைவிட இது மேல். ஆனால் சுமட்டுத் தொழிலாளி உட்கார்ந்து சாயா குடித்த திண்ணையில் இன்று அவர் வாங்க முடியாத விலையில் காப்பி விற்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? கிடங்கு பிழையே இல்லாத சொல். ‘சேமிப்புக் கிடங்கு’, ‘நெல் கிடங்கு’ என்று அரசும் அதைத்தான் எழுதுகிறது. ஆனால் சென்னைக்காரர் காதில் கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகள் வந்து நின்றுவிடுகின்றன. எனக்குப் பிடித்தது தென்மாவட்ட வணிகர்களிடம் இன்னும் புழங்கும் கிட்டங்கி. நகரத்தார் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்க் கடை வைத்தபோது, பெட்டியடியும் (பணப்பெட்டி வைத்துக் கணக்குப் பார்க்கும் இடம்) தங்குமிடமும் ஒன்றாக இருந்த அந்தக் கட்டடத்துக்குக் கிட்டங்கி என்றுதான் பெயர். சரக்கு மட்டும் அல்ல, ஆளும் இருந்து புழங்கிய இடம். தெலுங்கிலும் அது புழங்கும் சொல்லே.

ஆகவே வெங்காயம் அடுக்கியிருந்தால் கிடங்கு என்றே எழுதுங்கள். மட்டாஞ்சேரியில் ஓவியம் பார்க்கப் போனதை எழுதும்போது ‘பழைய மிளகுக் கிட்டங்கி’ என்றால் போதும். ‘கலைப் பண்டகப் பொழுதுபோக்கு மையம்’ என்றெல்லாம் புதிதாகக் கட்டி இழுக்க வேண்டாம். பேச்சில் குடோன் என்று வந்தாலும் குற்றமில்லை.