சிஸ்டம் காலைப் பார்க்கக் கர்னலைக் குடைய வேண்டுமா?

லினக்ஸின் மையமான கர்னலில் புரோகிராமிங் பழகுபவர்கள் ஆர்வமாக எழுதிப் பார்க்கும் மாட்யூல் (கர்னலில் சேர்த்துக் கழற்றக்கூடிய கோட்) ஒன்று உண்டு. சிஸ்டம் கால் என்பது ஃபைல் திறப்பது போன்ற வேலையை புரோகிராம் கர்னலிடம் கேட்கும் அழைப்பு. அந்தக் கால்களின் முகவரிகள் இருக்கும் டேபிளைத் தேடிப் பிடித்து, அதில் ஓப்பன் காலின் முகவரியை எடுத்துவிட்டுத் தங்கள் ஃபங்ஷனைச் செருகுவார்கள். எந்த புராசஸ் எந்த ஃபைலைத் திறக்கிறது என்று லாகில் வரும். கோட் ரிவ்யூவுக்கு இன்னமும் இது வந்துகொண்டுதான் இருக்கிறது. ட்ரேஸ் செய்வதற்காக, அதாவது என்ன நடக்கிறது என்று கவனிப்பதற்காக மட்டும் என்றால், இதை எழுதவே வேண்டாம் என்பது என் கட்சி.

லினக்ஸ்காரர்கள் அந்த வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிட்டார்கள். டேபிளின் முகவரியை மாட்யூல்களுக்குத் தருவதை 2.6 காலத்திலேயே நிறுத்தினார்கள். பெயரைச் சொன்னால் முகவரி தேடித் தரும் ஃபங்ஷனை 5.7 பதிப்பில் (2020) மாட்யூல்களிடமிருந்து பறித்தார்கள். 2024இல் வந்த 6.9 முதல், எக்ஸ்86 64-பிட் கர்னலில் சிஸ்டம் கால்கள் அந்த டேபிள் வழியாகப் போவதே இல்லை. ஸ்பெக்டர் வகைத் தாக்குதலுக்கு (ப்ராசசர் முன்கூட்டியே ஊகித்து ஓடுவதை வைத்து ரகசியம் திருடுவது) இடம் கொடுக்காமல் இருக்க ஸ்விட்ச் ஸ்டேட்மென்டுக்கு மாற்றிவிட்டார்கள். நீங்கள் டேபிளில் எழுதுவீர்கள், எரர் எதுவும் வராது, உங்கள் ஃபங்ஷனை யாரும் கூப்பிடவும் மாட்டார்கள்.

பழைய கர்னலில் ஓடினாலும் ஆபத்துதான். ஒரு புராசஸ் உங்கள் ரீட் ஃபங்ஷனுக்குள் டேட்டாவுக்காகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது மாட்யூலைக் கழற்றினால், விழித்து எழும் அந்த புராசஸ் திரும்பிப் போகும் இடத்தில் கோடே இருக்காது. அங்கேயே ஊப்ஸ், அதாவது கர்னல் எரர்.

இத்தனைக்கும் கர்னலிலேயே கதவு இருக்கிறது: ட்ரேஸ்பாயின்ட், கவனிப்பதற்கென்றே கர்னல் கோடில் வைத்திருக்கும் இடம். ட்ரேசிங் டைரக்டரியில் ஈவன்ட்ஸ், அதற்குள் சிஸ்கால்ஸ் என்று போங்கள். கால் ஒவ்வொன்றுக்கும் நுழைவுக்கு ஒன்று, வெளியேறுவதற்கு ஒன்று என இரண்டு ஃபோல்டர். வேண்டியதன் எனேபிள் ஃபைலில் 1 எழுதிவிட்டு, ட்ரேஸ் பைப்பை கேட் செய்தால் வரிவரியாகக் கொட்டும். 0 எழுதினால் நின்றுவிடும். மாட்யூலும் வேண்டாம், கம்பைலும் வேண்டாம். வடிகட்டி எண்ணிக் கணக்குப் பார்க்க பிபிஎஃப்ட்ரேஸ் என்ற கருவியில் ஒரு வரி போதும். அது பிபிஎஃப் என்ற, கர்னலுக்குள் ஓடும் சிறு புரோகிராமாக மாறி வேலை செய்யும்.

ஓப்பனை எனேபிள் செய்துவிட்டு "ஒன்றுமே வரவில்லை" என்பார்கள். இன்றைய ஜிலிப்சியில் (லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரி) ஓப்பன் என்று எழுதினாலும் கர்னலுக்குப் போவது ஓப்பன்அட். அதைத்தான் பார்க்க வேண்டும். ஃபைல் பெயர் சில சமயம் காலியாக வரும். நுழையும் நேரத்தில் பெயர் இருக்கும் பேஜ் மெமரியில் இல்லாவிட்டால் பிபிஎஃப் அதை வரவழைத்துப் படிக்காது. நுழைவில் முகவரியை மட்டும் குறித்துவைத்து, வெளியேறும்போது பெயரைப் படித்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நேரம் கேட்கும் கால்கள் பெரும்பாலும் விடிஎஸ்ஓவிலேயே (ஒவ்வொரு புராசஸுக்கும் கர்னல் கொடுத்துவைக்கும் சிறு லைப்ரரி) முடிந்துவிடும், கர்னலுக்கே வராது. ஐஓ யூரிங் (வேலைகளை வரிசையில் போட்டு கர்னலிடம் கொடுக்கும் வழி) வழியாகப் போகும் ரீடும் ரைட்டும் அந்தந்தப் பெயரில் இங்கே தெரியாது.

ஒரு புராசஸின் சிஸ்டம் கால்களைக் காட்டும் பழைய கருவியான எஸ்ட்ரேஸ் கெட்டதா? இல்லை. டெவலப்மென்ட் மெஷினில் நானும் முதலில் கைவைப்பது அதில்தான். ஆனால் அது பிட்ரேஸ் என்ற, டீபக்கர்கள் பயன்படுத்தும் கால் வழியாக ஒவ்வொரு காலிலும் புராசஸை இருமுறை நிறுத்துகிறது. சுமையில் ஓடும் டேட்டாபேஸில் மாட்டினால் வாடிக்கையாளர் உடனே உணர்வார். எஸ்ட்ரேஸ் 5.3 பதிப்பிலிருந்து அதில் செக்காம்ப் (கால்களைக் கர்னலிலேயே வடிகட்டும் வசதி) வடிகட்டி இருக்கிறது. கேட்ட கால்களில் மட்டும் நிற்கும். புரொடக்‌ஷனில் அதுவும் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

எஸ்ட்ரேஸ் லாகை அப்படியே சப்போர்ட் டிக்கெட்டில் இணைக்கும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. ரீட், ரைட் கால்களின் டேட்டாவும் அதில் சேர்ந்தே வரும். வழக்கமாக 32 எழுத்தோடு வெட்டும், ஆனால் பாஸ்வேர்டுக்கு 32 எழுத்தே தாராளம். அனுப்பும் முன் ஃபைல் கால்கள் மட்டும் போதுமா என்று பார்த்து, போதுமென்றால் அவற்றை மட்டும் திரும்ப எடுங்கள்.