கைசென்: சொல்லும் பொருளும்

கைசென் (பெயர்ச்சொல், ஜப்பானியம்). கைசன், கெய்சன் என்றும் எழுதுகிறார்கள். தொழிற்சாலைகளில், வேலை செய்பவரே தன் வேலையில் குறை கண்டு, பெரிய செலவில்லாமல் செய்த ஒரு சிறு மேம்பாட்டுக்கு இந்தப் பெயர். 'இந்த மாசம் ஒரு கைசனாவது கொடுத்துடு' என்று மேற்பார்வையாளர் கேட்பது இதைத்தான்.

'கை' என்றால் மாற்றுதல். 'சென்' அல்லது 'ஜென்' என்றால் நல்லது. ஜென் பௌத்தத்தின் ஜென் இது அல்ல. அது வேறு எழுத்து. நம் 'தியானம்' சீனம் வழியாகப் போய் அப்படி ஆனது. இரண்டையும் முடிச்சுப் போட்டுத் தத்துவம் பேசும் பயிற்சி வகுப்புகளைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு கேளுங்கள்.

ஜப்பானில் இது அன்றாடச் சொல். உணவுப் பழக்கத்தைச் சரிசெய்வதும் கைசென்தான். 'தொடர்ந்து' என்ற பொருள் சொல்லுக்குள் இல்லை, தொழிற்சாலைதான் அதை ஏற்றியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆலை மேற்பார்வையாளர்களுக்கு நடந்த பயிற்சிகள், போருக்குப்பின் ஜப்பானுக்கு வந்தன. அவற்றில் பணிமுறையை மேம்படுத்தும் பாடத்துக்கு ஜப்பானியத்தில் வைத்த பெயரிலேயே கைசென் இருந்தது. 1951இல் டொயோட்டா தன் தொழிலாளர்களிடம் யோசனைகளைக் கேட்டு வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே பொறியாளர் தாய்ச்சி ஓனோ காத்திருப்பு, தேவையற்ற நடை, தேவைக்கு மேல் உற்பத்தி என்பன போல விரயத்தை ஏழு வகையாகப் பிரித்தார். உலகம் முழுக்க இந்தச் சொல்லைப் பரப்பியது 1986இல் மசாக்கி இமாய் எழுதிய ஆங்கில நூல். விரயத்தைக் குறைத்து உற்பத்தி செய்யும் இந்த முறைக்கு 'லீன்' என்ற பெயர் அதற்கும் பின்னால், 1988இல்தான் வந்தது. தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு: தர மேலாண்மைக்கு ஜப்பான் தரும் டெமிங் பரிசை 1998இல் வென்ற சென்னை சுந்தரம் கிளேட்டன்தான் அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம்.

ஆலைக்கு வெளியிலும் இது செல்லும். ஒரு ஜெராக்ஸ் கடையில் காகிதக் கட்டு உள்ளறையில் இருக்கிறது. தீரும்போதெல்லாம் பையன் எழுந்து ஓட, வரிசை நிற்கிறது. அவனே ஒரு கட்டை மெஷினுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தால் அது கைசென். முதலாளி புது மெஷின் வாங்கினால் அது முதலீடு. ஒன்று முக்கியம்: மறுநாள் வேறு ஆள் வந்தாலும் கட்டு அங்கேயே இருக்க வேண்டும். புது வழக்கமாக நிலைக்காதது கைசென் ஆகாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தொடர் மேம்பாடு' ஆங்கிலத் தொடரின் பெயர்ப்பு. அறிக்கைக்குச் சரி, வாயில் வராது. சொற்பொருளைப் பார்த்தால் 'சீர்திருத்தம்' கச்சிதம், ஆனால் அதைச் சமூகமும் அரசியலும் எடுத்துக்கொண்டன. 'திருத்தம்' என்றால் யாரோ தப்புச் செய்த தொனி வந்துவிடும். என் தேர்வு 'சீராக்கம்'. நன்மையும் ஒழுங்கும் 'சீர்' என்பதிலேயே இருக்கின்றன, 'சீராக்கு' என்று வினையாகவும் வரும். ஆலைக்குள் கைசன் என்றே புழங்கட்டும், பழகிவிட்டது.

சொல்லாட்சி: 'பில் போடும் இடத்தைச் சீராக்கினோம், இப்போது வரிசை வாசலைத் தாண்டுவதில்லை.'