நாடி இருக்கிறது, ஆனாலும் கால் ஆபத்தில் இருக்கிறது

காலெலும்பு முறிந்து வந்தவருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் கம்பி நேராக நிற்கிறது. ராத்திரி அவர் வலி தாங்க முடியவில்லை என்கிறார். ஊசி போடுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முனகல். பாதத்தைத் தொட்டால் சூடு இருக்கிறது, நாடியும் துடிக்கிறது. 'எலும்பு உடைந்தால் வலிக்கத்தானே செய்யும்' என்று விட்டுவிடத் தோன்றும். விடக்கூடாது.

முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு அறையையும் வெண்மையான, நார்போன்ற ஒரு உறை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தோல் போல அது இழுபடாது. எலும்பு முறிந்த இடத்தில் ரத்தம் கசிந்து, நசுங்கிய தசையும் வீங்கினால், வீக்கம் வெளியே தள்ள இடமில்லாமல் உள்ளேயே அழுத்துகிறது. மாவுக்கட்டு இறுக்கமாக இருந்தால் உறைக்கு மேல் இன்னொரு உறை. இதைத்தான் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

சரி, நாடி ஏன் நிற்பதில்லை? தமனிக்குள் ரத்தம் 120 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தத்தோடு பாய்கிறது. தசைக்குள் ஓடும் நுண்குழாய்களில் அது 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதிலிருந்து வடியும் சிறு சிரைகளில் இன்னும் குறைவு. சாதாரணமாக அறைக்குள் அழுத்தம் 10-க்குள் இருப்பதால் சிக்கல் இல்லை. அது 30, 40 என்று ஏறும்போது முதலில் நசுங்குவது சிரைகள்தான். வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கி, அதிலிருந்து நீர் கசிந்து, வீக்கம் இன்னும் கூடுகிறது. தமனியோ அந்த அறையைக் கடந்து பாதம் வரைக்கும் போய்க்கொண்டேதான் இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, மடை அடைபட்ட வயல் காய்கிறது. நாடி பார்ப்பவர் தொடுவது வாய்க்காலை. நாடி மறையும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

அதனால்தான் கால் விரலைப் பிடித்து மெதுவாக நீட்டிப் பார்க்கிறார்கள். பட்டினி கிடக்கும் தசை இழுபட்டால் ஆள் அலறிவிடுவார். முன்பக்க அறை பாதிக்கப்பட்டால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்துப்போகும். நினைவில்லாமல் கிடப்பவரோ, முதுகில் மருந்து கொடுத்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போனவரோ வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். அவர்களுக்கு ஊசி செருகி அறையின் அழுத்தத்தை அளக்க வேண்டியிருக்கும். ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணுக்கும் இதற்கும் இடைவெளி 30-க்குக் கீழே போனால் ஆபத்து. நிறைய ரத்தம் இழந்தவருக்குக் கீழ் எண்ணே 50 தான் இருக்கும். மற்றவர் தாங்கும் வீக்கத்தை அவருடைய கால் தாங்காது.

பொதுவாகச் சுமார் 6 மணி நேரம்தான் அவகாசம். அப்புறம் தசை சாக ஆரம்பித்து, நாளடைவில் சுருங்கி விறைத்துவிடும். இறுக்கமான கட்டுக்குப் பிறகு கை இப்படி மடங்கிப்போவதை ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் 1881-லேயே எழுதிவைத்தார். செத்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தையும் அடிக்கும். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும்.

முதல் வேலை, மாவுக்கட்டை உள்ளே சுற்றிய பஞ்சோடு சேர்த்து வெட்டிப் பிரிப்பது. வீங்கிய காலைத் தலையணை வைத்து உயர்த்தத்தான் கை போகும். இங்கே அது தவறு. உயர்த்தினால் காலுக்கு வரும் ரத்த அழுத்தம் இன்னும் குறையும். கால் இதயத்தின் மட்டத்தில் இருந்தால் போதும்.

அதற்கும் அடங்காவிட்டால் உறையைக் கீற வேண்டியதுதான். கத்தி ஓடஓட, அடைபட்டுக் கிடந்த தசை வெளியே பிதுங்குகிறது. மருத்துவர் இடுக்கியால் அதை லேசாகக் கிள்ளிப் பார்க்கிறார். சிவந்து, ரத்தம் கசிந்து, துடித்தால் உயிர் இருக்கிறது. மங்கிய நிறத்தில் அசையாமல் கிடந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டும். காயத்தை அன்றே தைக்க மாட்டார்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பவும் பார்த்து, வீக்கம் வடிந்திருந்தால் மூடுவார்கள். மூட முடியாத அளவுக்கு அகலமாக இருந்தால் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டுவார்கள்.